ஒற்றை மணி

தருமபுரிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு ஒரு எண் பழக்கமானது. தென்மேற்குப் பருவமழை கர்நாடகத்தில் வலுத்துவிட்டால் பேப்பரில் அது தினமும் வரும்: பிலிகுண்டுலுவில் காவிரி நீர்வரத்து விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி. எண் ஏறினால் அடுத்த வரி என்னவென்று வாசிக்காமலே தெரியும். ஒகேனக்கல்லில் பரிசல் இயக்கத் தடை, அருவியில் குளிக்கத் தடை, மாவட்ட ஆட்சியர் உத்தரவு. பெங்களூரிலிருந்து விடிகாலையில் கிளம்பி வந்தவர்கள் வறுத்த மீனைச் சாப்பிட்டுவிட்டு, "இவ்ளோ தூரம் வந்தும் பரிசல் இல்லையா?" என்று புலம்பிக்கொண்டே திரும்புவார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஆற்றை அளப்பது மத்திய நீர் ஆணையத்தின் ஆட்கள். நிறுத்தச் சொல்வது ஆட்சியர். நிறுத்துவது பரிசல்காரர். மூன்றும் மூன்று பேர். எண் யாரையும் தடுக்காது. எண்ணைப் பார்த்து ஒரு மனிதர் 'வேண்டாம்' என்று சொல்ல வேண்டும். அந்த 'வேண்டாம்' எங்கிருந்து வருகிறது, அதற்கான காசை யார் கொடுக்கிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. ஆற்றில் இதைப் பார்ப்பது சுலபம், ஏனென்றால் வெள்ளம் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்கு எதுவுமே தெரியாத ஒரு இடத்தில் வைத்து இதைக் கேட்டுப் பார்க்கலாம்: கைவிடப்பட்ட சுரங்கம்.

உலகம் முழுக்க மூடிய சுரங்கங்களுக்குள் டிக்கெட் போட்டு ஆட்களைக் கூட்டிப்போகிறார்கள். போலந்தின் வியலிச்கா உப்புச் சுரங்கம் பிரபலம். வேல்ஸில் பிக் பிட் என்ற நிலக்கரிச் சுரங்கம் 1980இல் மூடப்பட்டு, 1983இல் பார்வையாளர்களுக்குத் திறக்கப்பட்டது. அங்கே 90 மீட்டர் கீழே இறங்கும் முன் தீப்பெட்டி, போன், பேட்டரி போட்ட வாட்ச் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். தலைக்கவசம், விளக்கு, அவசரத்துக்கு மூச்சு விடுவதற்கான கருவி ஆகியவற்றை இடுப்பிலும் தலையிலும் மாட்டிவிடுவார்கள். வழிகாட்டிகளாக இருப்பது பழைய சுரங்கத் தொழிலாளர்கள்.

நமக்குப் பக்கத்தில் இருப்பது கோலார் தங்கவயல். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி தொடங்கிய வேலை, 2001 பிப்ரவரி 28இல் நின்றது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அதில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். வடாற்காட்டிலிருந்தும், தருமபுரி சேர்ந்திருந்த பழைய சேலம் மாவட்டத்திலிருந்தும் போனவர்கள், அதிலும் தலித் மக்கள் அதிகம். "அதைத் திறந்து காட்டினால் என்ன?" என்று எங்கள் பக்கத்தில் பேச்சு வருவதுண்டு. நானும் இந்த ஆசை உள்ளவன்தான். ஆனால் இப்போது ஆழமான பகுதிகள் எல்லாம் தண்ணீருக்குள்.

அந்தத் தண்ணீரே நமக்கு ஒரு பாடம். மூடியதும் சுரங்கம் தூங்கிவிடும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கோலாரில் பாறை அதீத அழுத்தத்தில் இருந்ததால் திடீரென்று வெடித்துச் சிதறும். அந்தக் காலத்தில் இதை 'ஏர் பிளாஸ்ட்' என்றார்கள். 1970களின் கடைசியில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் உதவியோடு அங்கே நிலநடுக்கமானிகளின் வலைப்பின்னல் ஒன்றை அமைத்து, பாறையின் ஒவ்வொரு முனகலையும் பதிவு செய்தார்கள். சுரங்கம் மூடப்பட்டு, பம்புகள் நின்று, நீர் ஏறிக்கொண்டிருந்த காலத்திலும் அதிர்வுகள் பதிவாகின. மனிதர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள், பாறை நிறுத்தவில்லை.

இந்தியச் சட்டத்துக்கும் இது தெரியும். 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம், தாது எடுக்கும் வேலை 'நடக்கிற' குழியை மட்டும் சுரங்கம் என்று சொல்லவில்லை. 'நடந்த' குழியையும் சேர்த்துத்தான் சொன்னது. வரையறையில் ஒரு இறந்தகாலம். தோண்டியவர்கள் போன பிறகும் தோண்டியதன் பொறுப்பு போகாது என்று நான் இதைப் படித்துக்கொள்கிறேன்.

சரி, கீழே என்னவெல்லாம் கண்காணிக்க வேண்டும்? கூரையின் நகர்வு, விரிசலின் அகலம், நீர்மட்டம், கூண்டின் கம்பிவடம், காற்று. முக்கியமாகக் காற்று. வெளியே ஆக்சிஜன் 20.9 சதவீதம். நம்முடைய சுரங்க விதிகள் 19க்குக் கீழே போகக்கூடாது என்கின்றன. எங்கள் ஊர்களில் பாழுங்கிணற்றில் இறங்குவதற்கு முன் கயிற்றில் லாந்தரைக் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். விளக்கு அணைந்தால் ஆள் இறங்கமாட்டார். சுடர் அணைவது சுமார் 16, 17 சதவீதத்தில். அதாவது விளக்கு எச்சரிக்கும்போது, விதிப்படி நாம் எப்போதோ வெளியேறியிருக்க வேண்டும். அதோடு, நச்சுவாயு இருந்தால் விளக்குக்குத் தெரியாது. கார்பன் மோனாக்சைடு இருக்கிற காற்றிலும் அது அழகாக எரியும். ஆகவே மீட்டர் வேண்டும். இதில் சந்தேகமே இல்லை.

ஆனால் என் வேலையே மீட்டர்களோடுதான். சர்வர்களைக் கண்காணிக்கும் மென்பொருள் எழுதுகிறேன். ராத்திரி இரண்டு மணிக்குப் போன் அடிக்க வைக்கும் அலர்ட்டுகள். இந்தத் தொழிலில் சீக்கிரமே புரிகிற ஒரு உண்மை: அளப்பது பொறியியல், எந்த அளவில் மணி அடிக்கணும் என்பது பொறியியல் இல்லை. கோட்டைக் கீழே வைத்தால் தினமும் மணி அடிக்கும், நாலாவது நாள் யாராவது அதை மியூட் பண்ணிவிடுவார்கள். மேலே வைத்தால் அமைதியாக இருக்கும், ஒருநாள் மொத்தமாக விழும். கோடு போடுகிறவர் ஒரு தராசைக் கையில் வைத்திருக்கிறார். ஒரு தட்டில் தொந்தரவு, இன்னொன்றில் ஆபத்து. தொந்தரவு தனக்கும் ஆபத்து வேறொருவருக்கும் என்றால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று தனியாகச் சொல்லணுமா? எங்கள் தொழிலில் பெரும்பாலும் விழுவது ஒரு வெப்சைட். சுரங்கத்தில் விழுவது கூரை.

இங்கே மூன்று பேரைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கிறேன்.

முதலாமவர் பழைய சுரங்கத் தொழிலாளி. அவர் இரும்புக் கம்பியால் கூரையைத் தட்டிப் பார்ப்பார். கெட்டியான பாறை கணீரென்று ஒலிக்கும். பிளவு விழுந்தது பொத்தென்று கேட்கும். அவருக்குப் பாறையின் பாஷை தெரியும். ஆனால் தெரிந்தும் இறங்கினார். 'இன்னைக்கு வேணாம்' என்றால் அன்றைய கூலி போய்விடும். அறிவு இருந்தது, மறுக்கும் சக்தி இல்லை.

இரண்டாமவர் சுற்றுலாப் பயணி, அதாவது நீங்களும் நானும். நமக்கு மறுக்கும் சக்தி முழுசாக உண்டு. டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம். ஆனால் கூரை எப்படி ஒலிக்கிறது என்று தெரியாது. "ரிஸ்க் தெரிஞ்சுதானே கையெழுத்துப் போட்டீங்க?" என்று கேட்பார்கள். போட்டோம். எதற்குப் போட்டோம் என்று தெரியாமல் போட்டோம். இன்றைய நீர்மட்டத்தையும் காற்றின் அளவையும் சொல்லாமல் வாங்கிய கையெழுத்து சம்மதம் ஆகாது, அது கம்பெனிக்கான ரசீது.

மூன்றாமவர் வழிகாட்டி. அவரை நாம் கவனிப்பதே இல்லை. நாம் ஒரு மணி நேரம் கீழே இருக்கிறோம். அவர் ஒரு நாளில் ஐந்தாறு முறை, வருஷக்கணக்காக இறங்குகிறார். நமக்குச் சின்னதாக இருக்கும் ஆபத்து அவருக்குக் கூட்டல் கணக்கு. அவருக்கு அறிவும் உண்டு, பேருக்கு அதிகாரமும் உண்டு. ஆனால் 'இன்னைக்குப் போக வேணாம்' என்று அவர் சொன்னால் அன்றைய டிக்கெட் வருமானம் போகும், அவருடைய டிப்ஸ் போகும், அடிக்கடி சொன்னால் வேலையே போகலாம்.

2024 அக்டோபர் 10 அன்று அமெரிக்காவின் கொலராடோவில், மோலி கேத்லீன் என்ற பழைய தங்கச் சுரங்கத்தில் சுற்றுலா நடந்துகொண்டிருந்தபோது கூண்டு பழுதானது. 1,000 அடி ஆழத்தில் 12 பேர் பல மணி நேரம் சிக்கிக்கொண்டார்கள். இரவுக்குள் எல்லோரும் மேலே வந்துவிட்டார்கள். கூண்டில் இருந்த பார்வையாளர்களும் பிழைத்தார்கள். இறந்தவர் ஒருவர். அவர் பார்வையாளர் இல்லை. அவர்களைக் கூட்டிப்போன வழிகாட்டி. காரணம் எதுவாகவும் இருக்கட்டும். ஒரு இடத்தின் ஆபத்து கடைசியில் யார் தலையில் இறங்கும் என்று யோசிக்கும்போது இந்தச் சம்பவத்தைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை.

ஆகவே, பாதுகாப்புக் கண்காணிப்பின் ஒழுக்கம் சென்சாரின் துல்லியத்தில் இல்லை என்று நினைக்கிறேன். 'வேண்டாம்' என்று சொல்வதன் விலை யாரிடம் வசூலிக்கப்படுகிறது என்பதில் இருக்கிறது. அந்த விலை சங்கிலியின் கடைசிக் கண்ணியிடம், அங்கே இருப்பதிலேயே குறைவாகச் சம்பாதிப்பவரிடம் வசூலிக்கப்பட்டால், எத்தனை கருவி மாட்டினாலும் அது மெதுவாக ஊமையாகிவிடும். யாரும் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. வீட்டில் அடுப்பு எரியணும் என்று நினைக்கிற ஒரு நல்ல மனிதர், கோட்டை ஒட்டி நிற்கும் எண்ணைப் பார்த்து "இது தாங்கும்" என்று சொன்னால் போதும்.

ஒகேனக்கல் ஏற்பாடு இதில் பாதியைச் சரியாகச் செய்கிறது. அளப்பவருக்கு டிக்கெட் காசில் பங்கு இல்லை. எண் ரகசியம் இல்லை, டீக்கடையில் பேப்பர் படிக்கிறவருக்கும் தெரியும். நிறுத்துகிறவர் பரிசல் ஓட்டிப் பிழைப்பவர் இல்லை. இன்னொரு பாதி அப்படியே கிடக்கிறது: தடை நாளில் பரிசல்காரருக்குத் துடுப்புப் போட வேலை இல்லை. நம் உயிருக்கான அந்த 'வேண்டாம்' அவருடைய ஒருநாள் வருமானத்தில் எழுதப்படுகிறது. நாம் மீனுக்குக் காசு கொடுத்துவிட்டுக் கிளம்புகிறோம்.

இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு, நியாயமானதும்கூட. இப்படிப் பயந்தால் எல்லாவற்றையும் பூட்டிவிட வேண்டியதுதான். பூட்டினால் அங்கே உழைத்துச் செத்தவர்களின் நினைவும் சேர்ந்து பூட்டப்படும். தங்கவயலில் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்த இருட்டை ஒருமுறை பார்க்கும் உரிமை இல்லையா? உண்டு. நான் பூட்டச் சொல்லவில்லை. அந்தத் தாத்தாவிடம் மறுக்கும் உரிமை இல்லாமல் இருந்தது என்பதைத்தான் அந்த இருட்டில் பார்க்கப்போகிறோம் என்றால், அதைக் காட்டுகிற வழிகாட்டியிடமாவது அந்த உரிமை இருக்கணும் என்கிறேன். மூடிய நாளின் கூலி, திறந்திருக்கும் நாளின் டிக்கெட்டுக்குள்ளேயே இருக்கட்டும். ஐம்பது ரூபாய் கூடுமா? கூடட்டும்.

சுரங்கக் கூண்டுகளுக்கு ஒரு மணி பாஷை உண்டு. இறக்கு, ஆட்கள் ஏறுகிறார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் இத்தனை அடி என்று கணக்கு. கூண்டு நகர்ந்துகொண்டிருக்கும்போது 'நில்' என்பதற்கு ஒரே ஒரு அடி. பதற்றத்தில் இருப்பவனால் எண்ண முடியாது, அவனால் ஒருமுறைதான் இழுக்க முடியும் என்று யோசித்து வைத்த ஏற்பாடாகத்தான் எனக்கு இது தெரிகிறது. எல்லாக் கட்டளைகளிலும் மலிவானது 'நில்'. ஒரு இடம் பாதுகாப்பானதா என்று கேட்டால், அங்கே அந்த ஒற்றை மணி இன்னமும் மலிவாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

அடுத்த முறை குகையோ சுரங்கமோ பரிசலோ, கவுண்டரில் நிற்கும்போது, எத்தனை சென்சார் இருக்கு என்று கேட்காதீர்கள். "போன மாசம் எத்தனை நாள் மூடினீங்க? அந்த நாளுக்கெல்லாம் இவங்களுக்குச் சம்பளம் உண்டா?" என்று கேளுங்கள். பதில் வருவதற்கு எவ்வளவு நேரமாகிறது என்பதையும் கவனியுங்கள்.