ஊறும் மெய்யும்

கண்டதனை ஐயுற்றவன் கைநீட்டித் தொட்டுத் தெளிதல் உலகவழக்கு. கானலைக் கண் நீரென்று காட்டும்; கை அங்ஙனங் காட்டாது. ஊற்றுணர்ச்சிக்குரிய பொறியை நம் முன்னோர் மெய் என்றே வழங்கினர். உண்மைக்கும் அதுவே பெயர். அம்மெய்யையும் மயக்கவல்ல கருவிகள் இந்நாளில் தோன்றியுள்ளன. அவற்றால் எழும் ஊறு மெய்யோ பொய்யோ என்பதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

கண்களை மூடும் முகக்கருவி அணிந்தார்க்குக் கணிப்பொறி ஆக்கிக் காட்டும் உலகினை மெய்நிகர் உலகம் என்ப. 1965-ஆம் ஆண்டில் ஐவன் சதர்லண்டு என்னும் அமெரிக்க அறிஞர் இதன் முடிந்த எல்லையைக் கற்பித்துரைத்தார். அவர் கருதிய அறையிற் கணிப்பொறி தோற்றுவித்த நாற்காலியில் அமர்தலுங் கூடும். அது தோற்றுவித்த குண்டு உயிரையும் போக்கும். அவ்வெல்லையை எவரும் எய்திலர். இப்பொழுது உள்ளன கையுறை, மேலாடை முதலியனவே. அவற்றுட் சில சிறு காற்றுப்பைகளால் தோலை அழுத்தும், சில அதிரும், சில விரல்களை மடங்கவொட்டாது பின்னின்று ஈர்த்துப் பிடிக்கும். எனினும், அணிந்தவன் உடம்பையே அவை பற்றுக்கோடாக உடைமையின், பொய்ச்சுவரிற் சாய்ந்தவனைத் தாங்கமாட்டா, அவன் விழுவான்.

கருவி குறையுடையதாயினும் மனம் அக்குறையை நிரப்பிக்கொள்ளும். பாட்வினிக், கோஹன் என்னும் இருவர் 1998-இல் வெளியிட்ட சோதனை இதற்குச் சான்றாம். ஒருவன் கையைத் திரையால் மறைத்து, ரப்பர்க் கையொன்றை அவன் கண்முன் வைத்து, இரண்டினையும் ஒருங்கே தூரிகையால் வருடினர். சிறிது பொழுதில் ரப்பர்க் கையிலேயே வருடலை உணர்ந்ததாகப் பலர் கூறினர்.

அற்றேல் அவ்வுணர்ச்சி முழுதும் பொய்யோவெனின், அன்று. அளவை நூலார் இந்திரியக் காட்சியினையும் தன்வேதனைக் காட்சியினையும் வேறு பிரித்தோதியது இங்கே பெரிதும் பயன்படுகின்றது. ‘ஈதொரு பொருள்’ என்று துணிந்த காட்சி திரிவேயாம். அதுபற்றி உயிர் நுகர்ந்த இன்பமுந் துன்பமுமோ திரிபல்ல. அவற்றை நுகர்ந்திலன் என்று ஒருவனிடம் சொல்ல யாராலுங் கூடாது.

2020-ஆம் ஆண்டு தென்கொரியாவில் எம்.பி.சி. தொலைக்காட்சி காட்டிய நிகழ்ச்சியொன்றை ஈண்டு நினைக்க. ஏழு வயதில் இறந்த மகளின் உருவைக் கணிப்பொறியால் அமைத்து, அவள் தாய்க்கு முகக்கருவியும் தொடுவுணர்வு தருங் கையுறையும் அணிவித்து, மகள்முன் நிறுத்தினர். தாய் கைநீட்டினாள், அழுதாள். அக்கண்ணீரைப் பொய்யென்பார் கல்நெஞ்சரே. மகள் அங்கில்லை என்பதனையும் அத்தாய் அறியாதவளல்லள். ஆகலின் அவள் ஏமாற்றப்பட்டாள் என்றலும் பொருந்தாது.

பின்னை ஆங்குக் குறைந்தது யாது? ஊறு என்னுஞ் சொல்லையே நோக்குக. தீண்டுதலும் அதற்குப் பொருள். இடையூறு, புண் என்பனவும் பொருள். ஒன்றைத் தீண்டுவான் அதனால் தீண்டவும் படுகின்றான். நோவச் செய்தலும் நோதலும் இருபாலும் உள. குழந்தையின் தலையைத் தடவுந் தாய் தன் கை கனத்துவிடாதபடி அஞ்சித் தடவுகின்றாள். அவ்வச்சமே அன்பின் பெரும்பகுதி என்பது எம் கருத்து. கணிப்பொறி மகளுக்கோ நோவில்லை. கையை விலக்கி ஓடும் விருப்பமுமில்லை. ஒருமுறை கண்டு ஆறிய தாயைக் குறை கூறோம். நாடோறும் அங்கே வருக என அழைத்துப் பொருள் ஈட்ட முற்படுவார் உளராயின், அவரையே வினாவுதல் வேண்டும்.

இக்கருவியையே வெறுத்தொதுக்குதலும் முறையன்று. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்து ஜான் ரோஜர்ஸ் குழுவினர் 2019-இல் வெளியிட்ட மென்றகடு 15 செ.மீ. சதுரமானது, 32 அதிர்கருவிகள் கொண்டது, கம்பியின்றித் தோலில் ஒட்டி இயங்குவது. கையிழந்த ஒருவர் செயற்கைக் கையாற் பற்றிய பொருளின் வடிவை, மேற்கையில் ஒட்டிய அத்தகட்டின் அதிர்வால் உணர்ந்தார். ஆங்கும் ஊறு கருவியால் ஆக்கப்பட்டதே. பற்றிய பொருளோ எதிரே உளது, நழுவவிட்டாற் கீழே விழும்.