பெயரில்லாத சீட்டு

டிசம்பரில் ஹ்விடோவ்ரேயில் மாலை நான்கு மணிக்குள் இருட்டிவிடுகிறது. வேலை முடிந்து ஃபிரிஹேடன் நிலையத்தில் இறங்கி வீட்டுக்கு நடந்து, சாப்பாடும் முடிந்த பிறகு சமையலறை மேசையில் சீட்டுகளைப் பரப்புவேன். 'த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்: த கார்ட் கேம்', 2011இல் வந்தது. கூடி ஆடும் ஆட்டம். எல்லோரும் ஒரே பக்கம், எதிர்ப்பக்கம் ஆட்டமேதான். தனியாகவும் ஆடலாம். நான் பெரும்பாலும் தனியாகத்தான் ஆடுகிறேன்.

நாயகர்கள் மூன்று பேர் வரை, அவர்களைச் சுற்றிக் குறைந்தது 50 சீட்டுகள். எனக்குப் பிடித்தவள் எயோவின். போருக்கு வராதே, ஊரைப் பார்த்துக்கொள் என்று சொல்லப்பட்டு, ஆண் வேடத்தில் போன பெண். அவள் சீட்டில் மனவுறுதி 4, தாக்குதல் 1, தற்காப்பு 1, உயிர் 3. பயணத்தை முன்னகர்த்த அவளைப் போல் ஆளில்லை, ஆனால் ஓங்கி ஓர் அடி விழுந்தால் முடிந்தாள். ஆகவே அவளை மையமாக வைத்துக் கட்டை அடுக்குவது என்றால், அவளுக்கு விழ வேண்டிய அடியை வாங்க ஆள் சேர்ப்பது என்று பொருள். நான் சேர்த்தவர்கள் ஆரகோர்ன், தியோட்ரெட், பிறகு ஸ்னோபோர்ன் ஸ்கவுட் மூன்று சீட்டுகள். ஸ்கவுட் அவள் நாட்டுக்காரன்தான். விலை 1, தாக்குதல் 0, உயிர் 1.

பெயருள்ள தனி மனிதரின் சீட்டு மேசையில் ஒரு சமயம் ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு ஆரகோர்ன்கள் கிடையாது. ஸ்கவுட்டுக்கு அந்த விதி இல்லை. மூன்று பேரும் சேர்ந்து நிற்கலாம், ஒருவர் பின் ஒருவராகச் சாகலாம்.

ஆண்டுயின் ஆற்றுப் பயணத்தில் ஹில் ட்ரோல் என்ற மலைப்பூதம் காத்திருக்கிறது. நம் அபாய எண் 30ஐத் தொட்டால் அது நம்மேல் பாயும். 50ஐத் தொட்டால் ஆட்டமே போச்சு. என் மூவருக்கும் சேர்த்துத் தொடக்க எண் 29. முதல் சுற்று முடிவில் எண் தானாக ஒன்று ஏறும், இரண்டாம் சுற்றில் பூதம் வந்துவிடும். ஒவ்வொரு முறையும் ஸ்கவுட்டைத்தான் முன்னால் தள்ளுவேன்.

மகள் ஒருநாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவன் எப்பவும் சாகறதுக்குத்தான் வர்றானாப்பா?"

"சும்மா சீட்டுதானேம்மா."

"ஆரகோர்னும் சீட்டுதானே. அவரை ஏன் நிறுத்தல?"

என்னிடம் இருந்த பதில் கணக்கு மட்டும்தான், அதுவும் எனக்கு எதிரான கணக்கு. பூதத்தின் தாக்குதல் 6. ஆரகோர்ன் நின்றால் தற்காப்பு 2 போக 4 அடி, உயிர் 5, பிழைத்துக்கொள்வார். ஸ்கவுட் நின்றால் 5 அடி, உயிர் 1. மிஞ்சும் 4 அடியும் என் அபாய எண்ணில் ஏறும், அந்தப் பூதத்தின் விதி அப்படி. எளியவனை எவ்வளவு எளியவனாகப் பார்த்துத் தள்ளுகிறேனோ அவ்வளவு நான் கட்ட வேண்டும். மற்ற எதிரிகளில் பெரும்பாலோர் இப்படி வசூலிப்பதில்லை.

அட்டைக்கு வலிக்காது, தெரியும். விலங்கை வதைப்பவனுக்கு மனிதரிடத்தும் இரக்கம் மங்கும் என்று கான்ட் வாதிட்டார். அதைச் சீட்டாட்டத்துக்கு நீட்டலாம்தான், ஆனால் என் விஷயத்தில் திசை தலைகீழ் என்று நினைக்கிறேன். ஆட்டத்திலிருந்து எதுவும் வேலைக்குப் போகவில்லை. வேலையிலிருந்துதான் மேசைக்கு வந்திருக்கிறது. போன வசந்தத்தில் ஒரு வாடிக்கையாளரின் செலவைக் குறைக்க, எனக்கு மிகவும் பிடித்த மூத்த வடிவமைப்பாளர் ஒருவரைத் தக்கவைத்து, ஒப்பந்தத்தில் இருந்த இருவரை விடுவிக்கப் பரிந்துரைத்தேன். என் எக்செல் தாளில் அவர்கள் டெஸ்டர் 2, டெஸ்டர் 3. என் கணக்கில் எந்த எண்ணும் ஏறவில்லை. பாராட்டுதான் வந்தது.

நான் வளர்ந்தது உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம். சித்திரையில் கூவாகத்தில் கூத்தாண்டவர் திருவிழா. பாண்டவர் வெல்லக் களப்பலி வேண்டும். முழு லட்சணமும் உள்ளவர்கள் கண்ணன், அர்ச்சுனன், அரவான் மூவர்தான் என்று கதை. முதல் இருவரை இழக்க முடியாது, ஆகவே அரவான். சிறுவயதில் அந்த 'ஆகவே' எனக்கு உறுத்தியதில்லை. ஆனாலும் அரவானிடம் கேட்டார்கள். அவன் வரம் கேட்டான், மோகினி வந்தாள், இன்றும் திருநங்கையர் தாலி கட்டி, அறுத்து, அழுகிறார்கள். டெஸ்டர் 2இடம் நான் கேட்கவில்லை.

தனியாக ஆடுவதில் இதுதான் சிக்கல் என்று தோன்றுகிறது. நான்கு பேர் உட்கார்ந்த மேசையில் ஸ்கவுட் இன்னொருவர் கையில் இருப்பான். அவரைக் கேட்க வேண்டும், அவர் மாட்டேன் என்று சொல்லலாம். எயோவினே தனியாக வெல்லவில்லை. கதையில் சூனிய அரசனை அவள் வீழ்த்துவதற்கு முன், யாரும் பொருட்படுத்தாத மெர்ரி என்ற ஹாபிட் பின்னாலிருந்து அவன் முழங்காலில் குத்துகிறான். என் கட்டில் அதற்கு இடமே வைக்கவில்லை.

போன ஞாயிறு மகளும் எதிரே உட்கார்ந்தாள். ஸ்கவுட்டுகளும் ஆரகோர்னும் அவள் பொறுப்பு. பூதம் வந்ததும் ஆரகோர்னை நிறுத்தினாள். நிழல் சீட்டு புரண்டது, தாக்குதல் 1 கூடியது, 5 அடி, ஆரகோர்ன் செத்தார். அபாய எண் அசையவில்லை. இரண்டு சுற்றில் தோற்றோம். அவள் நிம்மதியாகத் தூங்கப் போனாள்.

நான் மடிக்கணினியைத் திறந்து பழைய மின்னஞ்சல்களில் டெஸ்டர் 2இன் பெயரைத் தேடினேன். கிடைத்தது. வேறு வேலைக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டு ஜூனில் எழுதியிருந்தார். நான் பதில் போட்டிருக்கவில்லை.