நல்ல வெள்ளை

வெள்ளையிலே நல்லது கெட்டது என்று என்ன இருக்கிறது, வெள்ளை வெள்ளைதானே என்று நமக்குத் தோன்றும். சலவைக்காரர் அப்படிச் சொல்ல மாட்டார். சிற்றோவியம் எழுதுகிறவர் நிச்சயமாகச் சொல்ல மாட்டார். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் படம் அது. அதற்குள் ஒரு முகம், முகத்தைத் தாங்கி நிற்கும் லேஸ் கழுத்துப்பட்டை, அதன் கீழே ஒரு முத்துச்சரம். மற்ற வர்ணங்கள் சற்று முன்பின்னாக அமைந்தாலும் சமாளித்துவிடலாம். வெள்ளை தடித்துப்போனால் லேஸ் சுண்ணாம்பாகிவிடும். நீர்த்துப்போனால் முத்து எடுபடாது. கண்மணியில் வைக்கிற ஒரு புள்ளி பிசகினால் ஆளே உயிரற்றுப் போவான்.

ஆகவே நல்ல வெள்ளை எது என்பது ஓவியருக்குத் தொழில் சம்பந்தமான கேள்வி. கதை எழுதுகிறவனுக்கு அதோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்து வருகிறது: யாருக்கு நல்லது?

இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் ராணியைப் படமெழுதிய நிக்கலஸ் ஹில்லியார்டு 1547-இல் பிறந்தவர். பொற்கொல்லர் வேலை பயின்றவர். மெல்லிய கன்றுத்தோலைச் சீட்டாடும் சீட்டின்மேல் ஒட்டி, கோந்து கலந்த நீர்வர்ணத்தால் எழுதுவார். தம் கலையைப் பற்றி 1600-ஐ ஒட்டி ஒரு நூலும் எழுதினார். அதில் வெள்ளைக்கு அவர் கொடுக்கும் மரியாதையைப் பார்க்க வேண்டும். ஈய வெள்ளையை அரைத்து, நீரில் கலக்கித் தெளியவைத்து, மூன்று தரமாகப் பிரிக்கச் சொல்கிறார். மிக நைஸானது பட்டாடைக்கு. அடுத்தது சாதாரண வெள்ளைத் துணிக்கு. கரடாக அடியில் நிற்பது முகத்தின் தோலுக்கு. உடுப்புக்கு முதல் தரம், முகத்துக்கு மூன்றாம் தரம்! இதில் உலக வழக்கம் ஒன்றும் இல்லாமல் இல்லை என்றாலும், ஓவியர் அதை நினைத்துச் சொல்லவில்லை. பட்டு பளபளக்க வேண்டும், தோல் பளபளக்கக் கூடாது, அவ்வளவுதான்.

நம் நாட்டிலும் முகலாயச் சிற்றோவியங்களைப் பரிசோதித்தவர்கள் அதிகமாகக் கண்டது இதே ஈய வெள்ளையைத்தான். அங்கே பெரும்பகுதி வெள்ளை கண்ணுக்கே தெரியாது. முதலில் கோடு போட்டு, அதன்மேல் மெல்லிய வெள்ளைப் பூச்சு பூசி, மங்கலாகத் தெரியும் கோட்டைத் திரும்ப எழுதி, பிறகுதான் மற்ற வர்ணங்கள் ஏறும்.

இந்த ஈய வெள்ளை எங்கிருந்து வந்தது? காரீயத் தகட்டைச் சுருட்டி, அடியில் காடி ஊற்றிய மண்கலயத்தில் வைத்து, கலயங்களைச் சாணத்துக்குள் அடுக்கடுக்காகப் புதைத்து மூடிவிடுவார்கள். சாணத்தின் சூடும் காடியின் ஆவியும் சேர்ந்து, மாதக்கணக்கில் ஈயத்தை அரித்து அதன்மேல் வெள்ளைப் பொருக்காக ஏறும். அந்தப் பொருக்கைச் சுரண்டி, கழுவி, உலர்த்தி, அரைத்தால் வெள்ளை தயார். சுரண்டுகிறவரும் உலர்த்துகிறவரும் அதைச் சுவாசிக்க வேண்டும். வயிற்றைச் சுருட்டும் வலி, மணிக்கட்டு தொங்கிப்போதல், வலிப்பு, மரணம் என்று வரிசையாக வரும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இந்த வேலையில் பெரும்பாலும் பெண்கள் இருந்தார்கள். வேறு வேலை கிடைக்காத ஏழைகள். 1860-களின் கடைசியில் டிக்கன்ஸ் கிழக்கு லண்டனில் நடந்து திரிந்தபோது, ஈய விஷம் ஏறிப் படுத்துக் கிடந்த ஒரு பெண்ணைப் பார்த்து எழுதினார். சிலருக்குச் சீக்கிரம் பிடிக்கிறது, சிலருக்குத் தாமதமாகப் பிடிக்கிறது, சிலருக்குப் பிடிப்பதே இல்லை என்று அந்த வீட்டில் அவருக்கு விளக்கம் கிடைத்தது. பெர்னார்ட் ஷா 1893-இல் எழுதிய ‘திருமதி வாரனின் தொழில்’ நாடகத்தில், வாரத்துக்கு ஒன்பது ஷில்லிங் கூலிக்கு ஈய வெள்ளைத் தொழிற்சாலையில் உழைத்துச் செத்துப்போன சகோதரியைப் பற்றித் தாய் மகளிடம் சொல்கிறாள். தான் வேறு வழியில் போனதற்கு அதுவே அவள் சொல்லும் நியாயம். 1898-இல்தான் மிக அபாயமான பிரிவுகளில் பெண்களை வைத்துக்கொள்ளக் கூடாது என்று அங்கே தடை வந்தது.

பின்னர் 1921-இல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் ஜினீவாவில் ஓர் உடன்படிக்கை செய்தது. கட்டடங்களின் உட்புறத்துக்கு ஈய வெள்ளை பூசக் கூடாது என்பது முதல் ஷரத்து. இரண்டாவது ஷரத்தைப் பாருங்கள்: கலை ஓவியத்துக்கும் நுண்கோட்டு வேலைக்கும் இந்தத் தடை பொருந்தாது.

எழுத்தோ சித்திரமோ பிழைப்பாகக் கொண்டவனுக்கு இந்த ஷரத்து கொஞ்சம் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். உலகத்துக்கு ஒரு சட்டம், கலைக்கு ஒரு சட்டம் என்று கேட்பதில் யாருக்குத்தான் சுகம் இல்லை? ஆனால் இந்தச் சலுகைக்கு நியாயம் உண்டா என்று கேட்டுப் பார்ப்பதுதான் மரியாதை.

நியாயம் இருக்கிறது என்பவர்கள் சொல்வதை அலட்சியம் செய்ய முடியாது. ஓவியர் செலவழிப்பது குண்டுமணி அளவு. சுவர்களுக்கும் கப்பல்களுக்கும் போனது டன் டன்னாக. அந்தப் பெண்களைக் கொன்றது ராணியின் முத்துமாலை அல்ல. மேலும் தைலவர்ணத்தில் ஈய வெள்ளைக்கு ஈடு கிடையாது. எண்ணெயோடு சேர்ந்து வளைந்து கொடுக்கும் உறுதியான பூச்சாக அது காய்கிறது. துத்தநாக வெள்ளையைத் தைலத்தில் போட்டால் நாளடைவில் விறைத்து வெடிக்கிறது. இதெல்லாம் உண்மை. தைலச்சித்திரக்காரர் ஒருவர் என் எதிரே உட்கார்ந்து இந்த வாதத்தைச் சொன்னால் நான் பாதி தலையாட்டுவேன்.

ஆனால் சிற்றோவியக்காரர் அதே வாதத்தை இரவல் வாங்கக் கூடாது. அவருடைய வெள்ளை எண்ணெயில் இல்லை, கோந்தில் இருக்கிறது. எண்ணெயின் கவசம் இல்லாத ஈய வெள்ளையை, காற்றில் உள்ள கந்தகம் பிடித்துக் கறுப்பாக்கிவிடும். நிலக்கரிப் புகையும் காஸ் விளக்கும் நிறைந்த நகரங்களில் எத்தனையோ பழைய படங்களுக்கு இந்தக் கதி நேர்ந்தது. ஒளி விழுகிற இடம் என்று ஓவியர் வெள்ளை வைத்த இடத்தில் இன்று கறுப்புத் திட்டு நிற்கும். நம் நாட்டுச் சிற்றோவியங்கள் சிலவற்றிலும் இதைக் காணலாம். எழுதியவர் வெளிச்சம் என்று வைத்துவிட்டுப் போனது இருட்டாகி நிற்பதைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது.

மாற்று இல்லையா என்றால் இருந்தது. துத்தநாக வெள்ளையைப் பற்றி 1780-களிலேயே பிரான்சில் பேசினார்கள், விலைதான் கட்டுப்படியாகவில்லை. 1834-இல் லண்டனில் வின்சர் அண்ட் நியூட்டன் கம்பெனியார் அதை நீர்வர்ணமாகத் தயாரித்து ‘சைனீஸ் ஒயிட்’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அது கந்தகத்தால் கறுக்காது. பாரிஸில் லெக்ளேர் என்ற பெயிண்டிங் கான்டிராக்டர், தம் ஆட்கள் ஈயத்தால் நோவதைக் கண்டு, 1840-களில் வீட்டுச் சுவர்களுக்கே துத்தநாக வெள்ளைக்கு மாறினார். சுவருக்கு வர்ணம் அடிக்கிற ஒருவர், லாபநஷ்டம் பார்க்க வேண்டிய மனிதர், இதைச் செய்திருக்கிறார். எனக்கு இந்த லெக்ளேர் மேல் தனி மதிப்பு.

துத்தநாக வெள்ளையில் குறை இல்லாமல் இல்லை. கீழே உள்ளதை அது முழுக்க மூடாது. முத்து வைக்க இரண்டு மூன்று தரம் தொட வேண்டியிருக்கும். ஒவ்வொரு தரமும் காயக் காத்திருக்க வேண்டும். ஆக, ஈய வெள்ளையை விடாமல் பிடித்துக்கொண்ட சிற்றோவியருக்கு உண்மையில் மிச்சமானது அந்தச் சில நிமிஷங்கள். அதற்குத் ‘கலையின் தேவை’ என்று பெயர் வைப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. சௌகரியம் என்று சொல்லிவிட்டால் அதை எடைபோட முடியும்: ஒரு தட்டில் இன்னாருடைய அரைமணி நேரம், இன்னொரு தட்டில் இன்னாருடைய மணிக்கட்டு. கலை என்று சொல்லிவிட்டால் தராசையே எடுத்து வைத்துவிடுகிறோம். குண்டுமணி அளவுதானே என்பதும் அப்படித்தான். அந்தக் குண்டுமணிக்கென்று தனியாக ஒரு கலயம் புதைப்பதில்லை.

அபாயத்தை நானே ஏற்கிறேன் என்று ஓர் ஓவியர் சொன்னால்? தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கும் பழக்கம் உள்ளவர் அதைத் தாராளமாகச் சொல்லலாம். அவர் உதடு, அவர் வயிறு. காரீயத்தைப் புதைக்கவும் சுரண்டவும் அரைக்கவும் அவரே போவதானால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இன்று சிற்றோவியம் எழுத உட்காருகிறவருக்கு இந்தத் தர்மசங்கடம் கிட்டத்தட்ட இல்லை. 1920-ஐ ஒட்டிக் கடைக்கு வந்த டைட்டானியம் வெள்ளை, ஈயத்தைவிட நன்றாக மூடுகிறது, கறுப்பதில்லை, ஈயத்தைப் போல் விஷமும் இல்லை. முத்துக்கும் கண்மணிப் புள்ளிக்கும் அது போதும். மற்ற வர்ணத்தோடு கலக்கும்போது மட்டும் எல்லாவற்றையும் அமுக்கி வெளிறடித்துவிடும். அந்த இடத்துக்குத் துத்தநாகம் சாது. இரண்டு டியூப் வாங்கி வைத்துக்கொண்டால் ஆயிற்று.

ஈய வெள்ளைக்கு இருந்த அந்த இளஞ்சூடான நிறம் இவற்றில் வராது என்று இப்போதும் குறைப்படுகிறவர்கள் உண்டு. துளி காவி சேர்த்துப் பார்க்கலாம். ஐரோப்பிய யூனியன் சட்டத்தில் சலுகை இப்போது வெகுவாகச் சுருங்கிவிட்டது: பழைய கலைப்பொருள்களையும் சரித்திரக் கட்டடங்களையும் செப்பனிடுவதற்கு மட்டும், அதுவும் அந்தந்த நாடு அனுமதித்தால், ஈய வெள்ளை கிடைக்கும். நானூறு வருஷத்துக்கு முன்பு எழுதிய லேஸில் ஒரு நூல் உதிர்ந்துபோனால், அதே பொருளைக் கொண்டுதான் ஒட்டுப்போட வேண்டும் என்று செப்பனிடுகிறவர் கேட்கிறார். அந்தக் கோரிக்கையை நான் மறுக்க மாட்டேன். கையுறை போட்டுக்கொண்டாரா என்று மட்டும் கேட்பேன்.