கரை சேராத சரக்கு



இந்தோனேசியாவின் பெலித்தோங் தீவருகே 1998-ல் கடலடியில் ஒரு பழைய சரக்குக் கப்பல் அகப்பட்டது. ஆணியின்றிக் கயிற்றால் பலகை தைத்த அரபுப் பாணிக் கப்பல். சுமார் 60,000 சீனத்துப் பாண்டங்கள். ஒரு கிண்ணத்தில் 826-ஆம் வருஷத்தைக் குறிக்கும் எழுத்து. பலவற்றைச் சிங்கப்பூர் அருங்காட்சியகத்தில் காணலாம்.

ஆயிரம் வருஷத்துக்கு மேலாகியும் கிண்ணம் உடையவில்லை; சரக்குக்காரர் பெயர்தான் மிஞ்சவில்லை. அவர் பட்ட கடனும் அவரிடமிருந்த அமானிதமும் என்னவாயின? அல்லாஹ்வே அறிவான்.

நாமோ பற்றுவரவில் பாதியை மனக்கணக்காகவே வைத்திருக்கிறோம். குர்ஆன் ஷரீபின் மிக நீண்ட ஆயத்து, கடனை எழுதிச் சாட்சி வைக்கும்படி சொல்வதாகும். மவுத்து தவணை கேட்டு வராது. இன்றிரவு கடையடைக்கு முன்பே எழுதி வைப்போம். நம் பிள்ளைகள் அறியாத கடனை அவர்கள் தலையில் ஏற்றாமல் அல்லாஹ் நம்மைக் காப்பானாக. ஆமீன்.