ஹிட் வேறு, ஆள் வேறு

"நம்ம தளத்துக்கு மாசம் லட்சம் ஹிட்!" என்று யாராவது மார்தட்டினால், ஒரு பக்கத்தில் எத்தனை படம் என்று கேளுங்கள். பக்கம் 1, படம் 20, ஸ்டைல் கோப்பு 2 என்றால், ஒருவர் ஒருமுறை எட்டிப் பார்த்தாலே சர்வர் பதிவேட்டில் 23 வரி ஏறிவிடும். அத்தனையும் ஹிட். வந்தது ஒரே ஆள். அதுவும் தேடுபொறியின் ரோபோவாக இல்லாமல் இருந்தால்!

'வருகை' கணக்காவது கறாரா? ஒரே ஐ.பி. முகவரி அரைமணி நேரம் சும்மா இருந்துவிட்டு மறுபடி வந்தால், பதிவேட்டை அலசும் வெபலைசர் மென்பொருள் அதைப் புது வருகை என்று எழுதும். அதே வேலையைச் செய்யும் ஏடபிள்யூஸ்டாட்ஸ் 1 மணி நேரம் பொறுக்கும். பதிவேடு ஒன்று, விடை இரண்டு. 1995இல் அனலாக் என்ற இதே வகை மென்பொருளை எழுதிய ஸ்டீபன் டர்னர், பதிவேட்டை வைத்து வருகையை எண்ண முடியாது என்று அந்தக் கணக்கையே சேர்க்கவில்லை. எனக்கு அந்தப் பிடிவாதம் பிடிக்கும். விடுதி முழுக்க ஒரே ஐ.பி.யில் வந்தால் அத்தனை பேரும் ஒருவர். பிரவுசர் தன் சேமிப்பிலிருந்தே பக்கத்தைக் காட்டிவிட்டால் பார்த்தவர் வந்த சுவடே இருக்காது.

அதனால் பதிவேட்டு அறிக்கையில் நான் முதலில் திறப்பது, கேட்ட பக்கம் கிடைக்காத 404 பட்டியலைத்தான். வேர்ட்பிரஸ் லாகின் பக்கத்தைத் தேடி அலையும் ரோபோக்களைக் கழித்துவிட்டால், மிஞ்சுவது நம் தளத்தின் அறுந்த இணைப்புகள்.