ஒரு பைசாவுக்குப் பதில் சொல்!

தம்பி, தங்கச்சி! நாமக்கல்லில் முட்டை ஏற்றுமதி அலுவலகத்தில் டேலி முன்னால் உட்கார்ந்திருக்கும் உன்னிடம்தான் பேசுகிறேன். பெட்டிக்கு 360 முட்டை வீதம் கன்டெய்னர் மஸ்கட்டுக்குக் கிளம்பிவிட்டது. டாலர் இன்வாய்ஸை ரூபாய்க்கு மாற்றுகிறாய். ஒரு பைசா இடிக்கிறது. "பி.காம். படிச்சும் இது தெரியலையா?" என்று பக்கத்து மேஜையில் கேட்கிறார்கள். உன் முகம் வாடிப்போகிறது. ஏன் வாட வேண்டும்? அது உன் தப்பே இல்லை!

போட்டுப் பார். டாலர் 83.4567 ரூபாய் என்று வைத்துக்கொள். இன்வாய்ஸில் மூன்று வரி, வரிக்கு 100.10 டாலர். ஒரு வரிக்கு வருவது 8,354.01567. ரவுண்ட் செய்தால் 8,354.02, மூன்றையும் கூட்டினால் 25,062.06. மொத்தமாக 300.30 டாலரைப் பெருக்கி ரவுண்ட் செய்தாலோ 25,062.05. இரண்டும் சரியான கணக்குதான்! டாக்ஸ் தொகையை முழு ரூபாய்க்கு ரவுண்ட் செய்யச் சொல்லி ஜிஎஸ்டி சட்டத்தில் 170-ஆம் பிரிவே இருக்கிறது. சட்டமே ஏற்றுக்கொண்ட ஒன்றுக்கு நீ தலைகுனியாதே!

ஆனால் அதன் எல்லையைத் தெரிந்துகொள். ரவுண்டிங்கில் வரிக்கு அரைப் பைசாவுக்கு மேல் போகவே போகாது. மூன்று வரிக்கு ஒன்றரை, மொத்தத்துக்கு ஒரு அரை. ஆக இரண்டு பைசா. அங்கே நாற்பது ரூபாய் இடித்தால் அது வேறு சங்கதி. வேறு தேதியின் ரேட் நுழைந்திருக்கும், கஸ்டம்ஸ் ரேட் புத்தகத்தில் ஏறியிருக்கும், இல்லை வங்கி கமிஷன் பிடித்திருக்கும். முதலாளியே "ரவுண்ட் ஆஃப்ல தள்ளிடுப்பா" என்றாலும் தள்ளாதே! "பத்து நிமிஷம் கொடுங்க, கண்டுபிடிச்சுச் சொல்றேன்" என்று சொல். அந்தத் துணிச்சல் உனக்கு வேண்டும். பணம் வந்த நாளின் ரேட் மாறியதால் வரும் லாப நஷ்டத்தையும் இதில் கலக்காதே. கணக்கியல் தரநிலை ஏஎஸ் 11 சொல்லும் அந்த வித்தியாசத்துக்குத் தனி லெட்ஜர் உண்டு.

சின்னதுதானே என்று விட்டதால் என்ன ஆனது தெரியுமா? 1982-இல் கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தை 1,000 புள்ளியில் ஒரு குறியீட்டைத் தொடங்கியது. ஒவ்வொரு கணக்கிலும் மூன்று தசம இடத்துக்குப் பிறகு வந்ததை ரவுண்ட் செய்யாமல் வெட்டி எறிந்தார்கள். 1983 நவம்பரில் குறியீடு 524-இல் கிடந்தது. திருத்திப் போட்டபோது 1,098! பெரிய சந்தை கவனிக்காமல் விட்ட இடத்தில்தான் நீ நின்று கேள்வி கேட்கிறாய். உன்னைச் சிறியவன் என்று எவன் சொல்வது?

தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு (என்இசிசி) முட்டை விலையில் ஐந்து பைசா குறைத்தால் பண்ணைக்காரர் இரவெல்லாம் தூங்காத ஊர் நம் ஊர். ராசிபுரத்திலும் திருச்செங்கோட்டிலும் வளர்ந்த உனக்குப் பைசாவின் கனத்தை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

வரிவரியாக மாற்றுவதா, மொத்தமாக மாற்றுவதா? இன்றே முதலாளியிடம் பேசி ஒன்றை முடிவுசெய். எல்லா இன்வாய்ஸுக்கும் அதையே பின்பற்று. ஆடிட்டர் வரும் நாளில் ஒளியாதே. ரவுண்ட் ஆஃப் லெட்ஜரை நீயே திறந்து வை. எந்த இன்வாய்ஸ், எத்தனை வரி, எந்த நாள் ரேட் என்று அவர் கேட்கும் முன்பே சொல்!