உச்சிவேளைப் பேய்

உச்சிவேளையில் புளியமரத்தடிக்குப் போகாதே என்று பிள்ளைகளை மிரட்டுவது எங்கள் மணப்பாடு பக்கம் உண்டு. அதனால் எகிப்துப் பாலைவனத் துறவிகளுக்கும் ஒரு நடுப்பகல் பேய் இருந்தது என்று படித்தபோது நான் ஆச்சரியப்படவில்லை. ஆனால் அந்தப் பேய் ஆளை அடிக்காது. அலுப்பூட்டும், அவ்வளவுதான்.

அதன் குணங்களை எழுதிவைத்தவர் எவாக்ரியுஸ். கருங்கடல் ஓரத்துப் பொந்துஸில் பிறந்தவர்; கான்ஸ்டான்டிநோபிளில் பேர்பெற்ற பிரசங்கியாக இருந்தவர். அதிகாரி ஒருவரின் மனைவி மேல் ஆசை வந்துவிட, பயந்து ஊரைவிட்டே ஓடி, கடைசியில் எகிப்தின் கெல்லியாவில் ஒரு குடிலில் அடங்கினார். 399இல் இறந்தார். அங்கே துறவிகள் பலர் ஓலை முடைந்து பிழைத்தார்கள். இவர் கூலிக்குப் புத்தகம் பிரதியெடுத்தார். உப்புக் கம்பெனியில் கணக்கு எழுதும் எனக்கு அவரைப் பிடித்துப்போனது இந்தத் தகவலால்தான்.

பேய் வரும் நேரம் நான்காம் மணியிலிருந்து எட்டாம் மணிவரை என்கிறார். நம் கடிகாரத்தில் காலை பத்திலிருந்து மதியம் இரண்டு. சூரியன் நகரவே இல்லை என்று தோன்றும். சாப்பாட்டு நேரமான ஒன்பதாம் மணிக்கு இன்னும் எவ்வளவு என்று வெளியே பார்க்க வைக்கும். யாராவது பேச வரமாட்டார்களா என்றிருக்கும். பிறகு இருக்கும் இடம் பிடிக்காது, செய்யும் வேலை பிடிக்காது, கூட இருப்பவர்களுக்கு நம்மேல் அன்பில்லை என்று படும். வேறு ஊரில் இதைவிட நல்ல பிழைப்பு இருக்கும். கடவுளை எங்கிருந்தும் கும்பிடலாமே! கடைசியில், இன்னும் எத்தனை காலம் இப்படியே என்று முதுமைவரை நீட்டிக் காட்டி மலைக்க வைக்கும். மார்ச் மாதத்தில் எங்கள் அலுவலகத்துக்கு வந்து பார்த்து எழுதினாரோ என்னவோ. செல்பேசி ஒன்றுதான் விடுபட்டிருக்கிறது.

அவர் வழியில் வந்த யோவான் கசியான் இன்னும் நுணுக்கமானவர். இந்தப் பேய் கெட்டதைக் காட்டிக் கூப்பிடாது என்கிறார். நோயாளியைப் பார்த்துவிட்டு வா, ஆதரவற்ற அந்தப் பெண்ணுக்கு ஒத்தாசை செய் என்று நல்லதாகவே சொல்லும். சலிப்பைச் சோம்பல் என்று திட்டுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. சலித்தவள் எங்கே சும்மா இருக்கிறாள்? முடிக்க வேண்டிய பேரேட்டை மூடிவைத்துவிட்டு அலமாரியை ஒழுங்காக அடுக்கிக்கொண்டிருப்பாள்.

எவாக்ரியுஸ் சொல்லும் பரிகாரம் சின்னது: அந்த நேரத்தில் குடிலை விட்டு எழுந்து போகாதே.

புத்தரும் பயத்துக்கு இதையே செய்திருக்கிறார். மஜ்ஜிம நிகாயத்தின் நான்காம் சூத்திரத்தில், ஞானம் பெறுவதற்கு முன்பு அஷ்டமி, சதுர்த்தசி, பௌர்ணமி இரவுகளில் வேண்டுமென்றே பயங்கரமான காட்டுக் கோயில்களில் போய்த் தங்கியதைச் சொல்கிறார். மயில் ஒரு சுள்ளியை ஒடித்தாலும் நெஞ்சு பதறும். நடக்கும்போது பயம் வந்தால் அது அடங்கும்வரை நடந்துகொண்டே இருப்பார்; நிற்கவோ உட்காரவோ மாட்டார். படுத்திருக்கும்போது வந்தால் எழமாட்டார். பயம் போன பிறகு எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். பயம் சொல்லி இடம் மாறக்கூடாது, அதுதான் விஷயம். (மாதக்கணக்கில் நீளும் மன இருட்டுக்கு இது போதாது, அதற்கு மருத்துவரிடம்தான் போக வேண்டும்.)

ஜெபிக்கிறவருக்கும் கடவுளைப் பற்றிப் பேசாதவருக்கும் ஒரே வைத்தியம் பலிக்கிறது என்றால் விசுவாசத்துக்கு இதில் என்ன வேலை? இந்தக் கேள்வி என்னை ரொம்ப நாள் விடவில்லை. எப்படி உட்காருவது என்பது எல்லாருக்கும் பொது. எதற்காக உட்கார வேண்டும் என்பதில்தான் மதம் வருகிறது என்று இப்போது நினைக்கிறேன்.

இதைச் சோதித்துப் பார்க்க கசியானே ஒரு கதை வைத்திருக்கிறார். பவுல் என்றொரு துறவி. சந்தைக்கு ஏழு நாள் பயணம். முடைந்ததை விற்றுக் கிடைக்கும் விலையைவிட வண்டிக் கூலி அதிகம். பேரீச்சையும் சிறு தோட்டமும் வயிற்றுக்குப் போதும். ஆனாலும் தினமும் தனக்கென்று ஓர் அளவு வைத்து ஓலை முடைந்தார். குகை நிறைந்ததும் ஒரு வருஷத்து வேலையை எரித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். கை வேலை இல்லாமல் துறவி ஓரிடத்தில் தரிக்க முடியாது என்பதற்காக கசியான் இதைச் சொல்கிறார்.

அம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். எங்களைப் படிக்கவைத்தது அவள் முடைந்த ஓலைப் பெட்டிகள். "எரிச்சுப்புட்டாரா?" என்றாள். வண்டிக் கூலி விவரத்தை எடுத்துச் சொன்னேன். சலிக்காமல் இருக்கத்தான் முடைந்தார் என்றும் சொன்னேன். "முடைஞ்சா சலிக்காதுன்னு யாரு சொன்னா?" என்று கேட்டாள்.

அவள் பக்கம் நியாயம் இருக்கிறது. எழுந்து போகக் கதவு திறந்திருப்பவனுக்குத்தான் எழாமல் இருப்பது தவம். பெட்டிக்கு இவ்வளவு என்று கூலிக்கு முடைகிறவளுக்குச் சலிப்பு வந்தாலும் அரிசி வாங்க வேண்டும். அவள் பொறுமையைத் தவம் என்று புகழ்ந்து, கூலியைக் கூட்டாமல் விடுவது எளிது. ஆனால் பவுலையும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். யாரும் கேட்காத, யாரும் பார்க்காத வேலையை ஒழுங்காகச் செய்த ஒருவருக்கு, அதைப் பார்க்க ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கை இல்லாமல் இரண்டாவது வருஷம் கை ஓடியிருக்காது.

அம்மா இதற்குச் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவள் கவலை வேறு. "வருஷா வருஷம் எரிக்கிறதுக்குன்னே அம்புட்டுக் குருத்தை வெட்டுனா மரம் என்னத்துக்கு ஆகும்?"